60 விடைகளை மனப்பாடம் செய்திருக்கிறேன், நேர்காணலுக்கு அது போதுமா?

கேள்வி: நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, உயிரியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எழுத்துத் தேர்வில் தேறியிருப்பதாகவும், 3 வாரங்களில் இணையவழி நேர்காணல் இருப்பதாகவும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. 2 பேராசிரியர்கள் 25 நிமிடம் பேசுவார்களாம். பயிற்சி வகுப்பில் கொடுத்த 60 கேள்விகளுக்கும் விடைகளை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் வீட்டில் யாராவது கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால்கூட வாயடைத்துப் போகிறேன். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசவும் வராது. தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது? விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையில் ஓரிடத்தில் கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதிவிட்டேன், அதுவும் உறுத்துகிறது. துணைக்கு அறைக்குள் இருக்கிறேன் என்கிறார் அப்பா. இருக்கலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு மாணவி)

பதில்: உங்களுக்கு வேண்டிய விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கேள்வியை மாற்றிக் கேட்டால் வாயடைத்துப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். 60 விடைகளை வரி பிசகாமல் உருப்போட்டவருக்கு அப்படித்தான் ஆகும், ஏனென்றால் காதில் விழும் கேள்வியைக் கவனிப்பதை விட்டுவிட்டு, அது பட்டியலில் எத்தனையாவது கேள்வி என்று தேடுவதிலேயே மனம் ஓடிக்கொண்டிருக்கும். பல ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், உருப்போட்ட விடையை அடையாளம் காண எங்களுக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். அதுவரை யோசித்து யோசித்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று செய்தி வாசிப்பவரைப் போல ஏற்ற இறக்கத்தோடு பேசத் தொடங்கும்; பார்வை சற்று மேலே போய் நிலைகுத்தும்; நடுவில் ஒரு சொல் நழுவினால், விட்ட இடத்தைப் பிடிக்க முடியாமல் வாக்கியத்தின் தொடக்கத்துக்கே திரும்பி வரும். அப்போது நாங்கள் கேள்வியை வேண்டுமென்றே கொஞ்சம் திருப்பிப் போடுவோம். அதில் குரூரம் ஏதும் கிடையாது. மனப்பாடத்துக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பார்க்க எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆகவே அந்தப் பட்டியலை இன்றே மூடி வையுங்கள். இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், எங்களிடம் ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அவை எந்தக் குழுவும் கேட்கக்கூடியவை. அவற்றுக்கும் முழு வாக்கியங்களை எழுதிவைக்க வேண்டாம். முதல் கேள்விக்கு, உங்களை இந்தப் பாடத்தின் பக்கம் உண்மையிலேயே இழுத்த ஒரு சம்பவமோ ஒரு சந்தேகமோ போதும். இரண்டாவதற்கு, அந்தத் துறையின் பாடத்திட்டத்தைத் திறந்து, மூன்று ஆண்டுகளில் என்னென்ன பாடங்கள் வருகின்றன, அவற்றில் எது உங்களை நிமிர்ந்து உட்கார வைக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற பல்கலைக்கழகம், அழகான வளாகம் என்று தொடங்கும் விடையை நாங்கள் ஒரு பருவத்தில் நூறு முறை கேட்கிறோம்.

அடுத்ததாக, வந்த மின்னஞ்சலை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். நேர்காணல் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காரியங்கள் நடக்கின்றன. மருத்துவப் படிப்புக்குப் போகிறவர்களிடம் பல நாடுகளில் இப்போது நடத்தப்படுவது, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2004இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த பல்நிலைக் குறுநேர்காணல் என்ற முறை. அந்த முதல் வடிவத்தில் 10 அறைகள், அறைக்கு 8 நிமிடம், அறைக்கு ஒரு மதிப்பீட்டாளர் என்று மாணவர் சுற்றி வர வேண்டும். ஓர் அறையில் சொதப்பினாலும் அடுத்த அறையில் இருப்பவருக்கு அது தெரியாது என்பதுதான் அதன் அழகு. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களுக்காக அங்கே படித்து முடித்த முன்னாள் மாணவர் ஒருவர் உங்களோடு அரை மணியோ ஒரு மணியோ உரையாடுவார், அதில் பாடத்தைவிட ஆளைப் பற்றிய பேச்சுத்தான் அதிகம் இருக்கும். உங்களுக்கு வந்திருப்பது இந்த இரண்டும் இல்லை. 2 பேராசிரியர்கள், 25 நிமிடம், எழுத்துத் தேர்வுக்குப் பிறகு என்றால் அது பாட நேர்காணல். அதில் உங்கள் பொழுதுபோக்கு, தலைமைப் பண்பு, பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எங்கே இருப்பீர்கள் என்பதெல்லாம் முதல் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. பயிற்சி வகுப்பின் பட்டியலில் பெரும்பகுதி வேலைவாய்ப்பு நேர்காணலுக்கு உரியதாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். இருந்தால் வியக்க மாட்டேன்.

பாட நேர்காணல் எதற்காக நடக்கிறது என்பது புரிந்துவிட்டால், எப்படித் தயாராவது என்பது தானாகத் தெளிவாகும். இந்த வகைக்குப் பேர்போன ஆக்ஸ்ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். அங்கே ஏறக்குறைய 3,300 இடங்களுக்காகச் சுமார் 10,000 பேரை நேர்காணலுக்கு அழைக்கிறார்கள், அந்தப் பத்தாயிரம் பேரும் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான் என்பதால் மதிப்பெண்ணை வைத்து அவர்களைப் பிரிக்க வழியில்லை. அங்கே பாடம் நடக்கும் விதமும் சற்று வேறு. ஓர் ஆசிரியரின் முன்னால் இரண்டு மூன்று மாணவர்கள் உட்கார்ந்து, எழுதி வந்ததை வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். ஆகவே அந்த நேர்காணல் அப்படிப்பட்ட வகுப்பு ஒன்றின் ஒத்திகையாகவே அமைந்துவிட்டது. மாணவருக்கு இதுவரை பழக்கமில்லாத ஒன்றைக் கொடுத்து, கொஞ்சம் கைகொடுத்து, எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பார்கள். நீங்கள் விண்ணப்பித்த இடத்தில் கற்பிக்கும் முறை வேறாக இருக்கலாம், ஆனால் இரண்டு பேராசிரியர்களை 25 நிமிடம் உட்கார வைக்கும் எந்தத் துறைக்கும் நோக்கம் ஏறத்தாழ அதுதான். இந்தப் பெண்ணுக்குப் பாடம் நடத்தினால் பிடித்துக்கொள்வாளா என்பதுதான் எங்கள் மனத்தில் ஓடும் ஒரே கேள்வி.

அதனால் தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் அஞ்சுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெரியாத கேள்வி கண்டிப்பாக வரும், வந்தாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததையே நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் எழுத்துத் தேர்வில் பார்த்ததையே மறுபடி பார்த்ததாகிவிடும். முதல் கேள்வி எளிதாக இருந்து, அடுத்தது சற்றுக் கடினமாகி, பிறகு நீங்கள் திணறும் இடம் வரை கேள்விகள் ஏறிக்கொண்டே போகும். நன்றாகச் செய்கிறவரின் நேர்காணல்தான் பெரும்பாலும் மிகக் கடினமான இடத்தில் போய் முடிகிறது.

அது எப்படி நடக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டோடு காட்டுகிறேன். உங்கள் பாடத்திலிருந்தே எடுப்போம். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கிறது, மனிதருக்கு 70 வாக்கில், யானைக்கு 30 வாக்கில். ஏன் இப்படி என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடக்காரரின் மனம் உடனே பட்டியலைத் தேடும், கிடைக்காது, முகம் வெளிறும், "மன்னிக்கவும், இதை நான் படிக்கவில்லை" என்று வாய் சொல்லிவிடும். அத்தோடு அந்தக் கேள்வியின் கதை முடிந்தது.

இன்னொரு மாணவி என்ன செய்வார் என்று பாருங்கள். இதயம் துடிப்பது இரத்தத்தை அனுப்புவதற்காக, இரத்தம் போவது உயிர்வளியையும் உணவையும் கொண்டு சேர்ப்பதற்காக, ஆகவே எலியின் உடலில் ஒவ்வொரு கிராமும் யானையின் ஒரு கிராமைவிட வேகமாக ஆற்றலைச் செலவழிக்கிறது போலும் என்று முதலில் சொல்லிப் பார்ப்பார். புதிதாக எதையும் அவர் சொல்லிவிடவில்லை, ஆனால் கேள்வியை ஒரு படி உள்ளே தள்ளிவிட்டார். ஏன் வேகமாகச் செலவழிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்போம். சிறிய உடலில் வெப்பம் விரைவாக வெளியேறும், அதை ஈடுகட்ட வேண்டும் என்பார். எப்படித் தெரியும் என்போம். அவர் தாளை எடுத்து ஒரு கனசதுரம் வரைவார்: பக்கம் 1 செ.மீ. என்றால் பரப்பு 6, கன அளவு 1. பக்கம் 10 செ.மீ. என்றால் பரப்பு 600, கன அளவு 1,000. கன அளவோடு ஒப்பிட்டால் பரப்பின் விகிதம் 6இலிருந்து 0.6 ஆகக் குறைந்துவிட்டது. வெப்பம் தோல் வழியாகப் போகிறது, உருவாவதோ உடல் முழுவதும். ஆகவே பெரிய விலங்குக்கு வெப்ப இழப்பு ஒப்பீட்டளவில் குறைவு. எட்டாம் வகுப்புக் கணக்கு இது, ஆனால் கேட்ட நேரத்தில் கைக்கு வந்ததே, அதைத்தான் நாங்கள் குறித்துக்கொள்வோம்.

இங்கேதான் பேராசிரியர் சற்று முன்னால் சாய்ந்து உட்காருவார். "சரி, நீங்கள் சொல்வது உண்மையானால் ஆற்றல் செலவு, பரப்பைப் போலவே, எடையின் 2/3 அடுக்கில் ஏற வேண்டும், அதாவது எடை 1,000 மடங்கானால் செலவு 100 மடங்கு. ஆனால் 1932இல் மாக்ஸ் கிளைபர் பல விலங்குகளின் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அடுக்கு 3/4க்கு அருகில் வந்தது. தவிர, உடல் வெப்பத்தைத் தாமாகக் காத்துக்கொள்ளாத பல்லிகளிலும் பாம்புகளிலும்கூட, உடல் பெரிதாகப் பெரிதாகக் கிராமுக்கான செலவு குறைகிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?" என்பார். இந்த இடத்தில் பல பிள்ளைகள் தோற்றுவிட்டதாக நினைத்துச் சுருங்கிப்போகிறார்கள். உண்மையில் அவர்கள் நேர்காணலின் மிக நல்ல கட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். "அப்படியானால் வெப்பம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பல்லிக்கும் எலிக்கும் பொதுவான வேறொன்று வேண்டும். இரண்டுக்கும் இரத்தக் குழாய்கள் இருக்கின்றன, ஒருவேளை எல்லாச் செல்களுக்கும் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் வழியில் ஏதாவது வரம்பு இருக்குமோ?" என்று ஒரு மாணவி கேட்டால் போதும், நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். 1997இல் ஜெஃப்ரி வெஸ்ட், ஜேம்ஸ் பிரவுன், பிரையன் என்குவிஸ்ட் ஆகியோர் கிளை விட்டுப் பிரியும் குழாய்களின் பின்னலை வைத்து முன்மொழிந்த விளக்கம் அந்தத் திசையில்தான் போகிறது, அதைப் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. முடிந்த விடை எங்களிடமே இல்லாத ஒரு கேள்விக்கு உங்களிடமிருந்து முடிந்த விடையை எதிர்பார்ப்போமா?

இந்த எடுத்துக்காட்டைத் தயவுசெய்து 61ஆவது விடையாக மனப்பாடம் செய்துவிடாதீர்கள். அந்த மாணவி செய்த காரியங்களை மட்டும் கவனியுங்கள். கேள்வியைத் தனக்குத் தெரிந்த ஒன்றோடு முடிச்சுப் போட்டார். மனத்துக்குள் நடப்பதை வாய்விட்டுச் சொன்னார். எண்ணைப் போட்டுச் சோதித்தார். மறுப்பு வந்ததும் தன் விடையைக் கட்டிக்கொண்டு அழாமல், எந்தப் பகுதி நிற்கிறது, எந்தப் பகுதி விழுகிறது என்று பார்த்தார். கொடுத்த குறிப்பை வாங்கிக்கொண்டார். இந்தக் கடைசிப் பழக்கம் இல்லாத பிள்ளைகள்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருபவர்கள். நாங்கள் ஒரு குறிப்புக் கொடுத்தால், அதைத் தங்கள் தவற்றைச் சுட்டிக்காட்டியதாக எடுத்துக்கொண்டு, முதலில் சொன்னதையே இன்னும் உரக்கச் சொல்வார்கள். குழுவில் இருப்பவர் "அது அப்படித்தானா?" என்று கேட்டால், பாதிக்குப் பாதி அது உதவிதான். நீங்கள் சொன்னது சரியாக இருக்கும்போதும் சில நேரம் அப்படிக் கேட்போம், அப்போது காரணத்தோடு உறுதியாக நின்றால் அதற்கும் மதிப்பு உண்டு.

இந்தப் பழக்கத்தை 3 வாரத்தில் ஏற்படுத்திக்கொள்ள முடியுமா என்றால், முழுமையாக முடியாது, வேண்டிய அளவுக்கு முடியும். நாளுக்கு ஒரு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடநூலில் இருப்பதே போதும், ஆனால் அதன் கீழே இருக்கும் விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். கிடை அச்சில் என்ன, செங்குத்து அச்சில் என்ன, கோடு எங்கே ஏறுகிறது, எங்கே தட்டையாகிறது, ஏன் தட்டையாகிறது, இன்னும் நீட்டினால் எங்கே போகும் என்று 5 நிமிடம் வாய்விட்டுப் பேசுங்கள். நொதியின் வேகம் வெப்பநிலையோடு மாறும் வரைபடத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த உச்சி ஏன் கூர்மையாக இல்லாமல் மேடாக இருக்கிறது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் விழிப்பார்கள். இந்தப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து மாலையில் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நாள் உங்கள் குரலையே கேட்கப் பிடிக்காது, அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கெல்லாம் மௌனமாகிவிட்டீர்கள், அந்த மௌனத்தில் மனம் எதை யோசித்தது, அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள் என்பதைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது வாரத்திலிருந்து எதிரில் ஓர் ஆள் வேண்டும். அவருக்கு உயிரியல் தெரிந்திருக்கத் தேவையில்லை, தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. "ஏன்?", "எப்படித் தெரியும்?", "அப்படி இல்லாவிட்டால்?" என்ற மூன்றை மட்டும் மாறி மாறிக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் இந்த வேலையை மிகுந்த உற்சாகத்தோடு செய்வார்கள். பள்ளியில் உங்கள் உயிரியல் ஆசிரியர் 20 நிமிடம் ஒதுக்க முடிந்தால், பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கும்படி அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பாசத்தால் தெரிந்ததையே கேட்டுவிடுவார். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மாதிரி நேர்காணல்களைக் காணொளிகளாக இலவசமாகவே வெளியிட்டிருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகம் வேறாக இருந்தாலும் அவற்றில் இரண்டு மூன்றைப் பார்ப்பது நல்லது. விடையைப் பார்க்க வேண்டாம், கேள்வி கேட்பவர் எந்த இடத்தில் குறுக்கிடுகிறார் என்று பாருங்கள். மூன்றாவது வாரத்தில் புதிதாக எதையும் படிக்காதீர்கள், எழுத்துத் தேர்வில் நீங்கள் தடுமாறிய வினாக்களை மட்டும் ஒருமுறை புரட்டுங்கள். அவற்றில் ஒன்றை எடுத்து அங்கிருந்தே தொடங்கும் வழக்கம் சில குழுக்களுக்கு உண்டு.

ஆங்கிலத்தில் வேகமாகப் பேச வராது என்று எழுதியிருக்கிறீர்கள். வேகமாகப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லையே. நேர்காணலில் மெதுவாகப் பேசுகிறவருக்கு ஒரு வசதி உண்டு, அவருடைய யோசனை நாவைவிட முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். உச்சரிப்பை மாற்ற முயலாதீர்கள், அந்த முயற்சி யோசிக்க வேண்டிய மூளையில் பாதியைத் தின்றுவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது துறைச் சொற்கள்தான். தமிழில் படித்த பாடம் என்றால், அதே கருத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்பதை ஒரு முறை பார்த்து, உரக்கச் சொல்லிப் பழகிவிட வேண்டும், பார்த்த சொல்லும் சொல்லிப் பழகிய சொல்லும் ஒன்றாகா. அன்றைக்கு ஒரு சொல் வராமல் நின்றால், "இதற்கான சொல் நினைவுக்கு வரவில்லை, செல்லின் உள்ளே புரதம் உருவாகும் அந்தச் சிறு துகள்" என்று விளக்கிவிடுங்கள். பெயர் தெரிந்து பொருள் தெரியாதவரைவிட உங்களை நாங்கள் மேலாகவே நினைப்போம். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை கேட்கச் சொல்வதில் குறைவொன்றும் இல்லை. "இப்படிக் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன், சரிதானா?" என்று உங்கள் சொற்களில் திருப்பிச் சொன்னால் இன்னும் நல்லது, யோசிக்க 10 வினாடியும் கிடைத்துவிடும்.

இனி உறுத்தல். கட்டுரையில் எதை மிகைப்படுத்தினீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் இது வழக்கமாக இரண்டில் ஒன்றாக இருக்கும். படிக்காத நூலைப் படித்ததாக எழுதியிருப்பீர்கள், அல்லது ஆய்வகத்தில் நான்கு பேராகச் செய்ததைத் தனியாகச் செய்ததைப் போல எழுதியிருப்பீர்கள். அந்தக் கட்டுரை எங்கள் கையில் அச்செடுத்து இருக்கும், ஓரத்தில் பென்சில் குறிகளும் இருக்கும். நாங்கள் குறியிடுவது பெரும்பாலும் மாணவர் தாமாக முன்வந்து பெருமையாகச் சொன்ன இடத்தில்தான், ஏனென்றால் அங்கே அவருக்கு மிக நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறோம். ஒருமுறை ஒரு மாணவர் பரிணாமம் பற்றிய தடித்த நூல் ஒன்று தன் வாழ்க்கையையே மாற்றியதாக எழுதியிருந்தார். அதில் எந்த வாதம் உங்களுக்கு ஏற்புடையதாக இல்லை என்று அன்பாகத்தான் கேட்டேன். அவர் முன்னுரையில் இருந்த இரண்டு வரிகளைச் சொன்னார், அதன் பிறகு அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நூலை அவர் குறிப்பிடாமலே இருந்திருந்தால் அவருக்கு எந்த இழப்பும் நேர்ந்திருக்காது. மீதி 20 நிமிடத்தில் அவர் சொன்ன நல்ல விடைகளைக்கூட நாங்கள் ஐயத்தோடுதான் கேட்டோம், அதைத்தான் நான் இழப்பு என்கிறேன்.

உங்களுக்கு 3 வாரம் இருக்கிறது. நூல் என்றால் இப்போது படித்துவிடுங்கள், முழுதும் முடியாவிட்டால் இரண்டு அத்தியாயங்களையாவது, அவற்றோடு சண்டை போடும் அளவுக்கு ஆழமாக. குழுவாகச் செய்த வேலை என்றால், கேட்கும்போது "நான்கு பேர் சேர்ந்து செய்தோம், அளவீடு என் பொறுப்பு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கட்டுரையின் சொல்லுக்கும் வாயின் சொல்லுக்கும் இடையே சிறு வேறுபாடு இருப்பதைப் பற்றி யாரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. ஆனால் இல்லாத ஒன்றை நேர்காணலிலும் தொடர்ந்து கட்டிக் காக்கப் புறப்பட்டால், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புதுப் பொய் வேண்டியிருக்கும். இதற்கிடையில் கட்டுரையின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதிலிருந்து என்னென்ன கேட்கலாம் என்று நீங்களே மூன்று கேள்விகள் எழுதிப் பாருங்கள். எந்த வரியில் உங்கள் கை தயங்குகிறதோ அந்த வரியில்தான் வேலை இருக்கிறது.

இணையவழி என்பதால் சில சில்லறை விஷயங்கள். ஆக்ஸ்ஃபோர்டு 2020 முதல் நேர்காணல்களை இணையத்தில்தான் நடத்துகிறது, அறிவியல், கணிதப் பாடங்களுக்குத் திரையில் எழுதும் வசதியையும் சில இடங்களில் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் மின்னஞ்சலில் அப்படி ஏதாவது கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் வெள்ளைத் தாளும் தடித்த முனைப் பேனாவும் போதும், வரைந்ததைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டலாம். எந்தத் தூரத்தில் பிடித்தால் எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது என்று முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வரட்டும், சன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எங்களுக்கு ஒரு நிழல்தான் தெரியும். இணைப்பு அறுந்தால் யாரை அழைப்பது என்ற எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், கணினிக்குள் இருக்கும் எண் கணினி நின்றுபோனால் உதவாது. இணைப்பு அறுந்ததற்காக எந்தக் குழுவும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. உடை பற்றி ஒரே வரி: பள்ளி ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது எதை உடுத்துவீர்களோ அது.

அப்பா அறைக்குள் இருக்க வேண்டாம். அவருடைய அன்பைக் குறைத்துச் சொல்லவில்லை. கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தால் பிள்ளையின் கண் எங்களிடம் நிற்காது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை நான் ஒரு கேள்வி கேட்டு முடித்ததும், திரைக்கு வெளியேயிருந்து மெல்லிய குரலில் விடை வந்தது. மாணவருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த விடை தவறாக இருந்தது வேறு விஷயம். விதியும் அநேகமாகத் தனியாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்லும், மீறினால் விண்ணப்பமே சிக்கலுக்கு உள்ளாகும். கதவுக்கு வெளியே நின்று, அழைப்பு மணியை யாரும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவருக்குக் கொடுங்கள். அதை அவர் மிகச் சிறப்பாகச் செய்வார்.

கடைசியாக, முடிவைப் பற்றிக் கொஞ்சம். குழுவினரின் முகத்தைப் பார்த்து முடிவை ஊகிக்க முயலாதீர்கள். ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தால் அவர் குறிப்பெடுக்கிறார், அவ்வளவுதான். நடுவில் உங்களை நிறுத்தி வேறு கேள்விக்குப் போனால், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள், மணியும் ஆகிறது என்று பொருள். நேர்காணல் என்ற அளவுகோலைப் பற்றி எனக்கே பெரிய மயக்கம் கிடையாது. 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, நேர்காணலின் அடிப்படையில் தரவரிசை போட்டு 150 பேரைச் சேர்த்து முடித்த பிறகு, இடங்களை 200 ஆக உயர்த்தும்படி மாநிலச் சட்டமன்றம் கேட்டுக்கொண்டது. நல்ல இடத்தில் இருந்தவர்கள் எல்லாம் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டதால், வரிசையின் அடியில் 700ஆம் இடத்துக்கும் கீழே கிடந்தவர்களிடமிருந்துதான் அந்த 50 பேரை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு இரு கூட்டத்தாரையும் ஒப்பிட்டு 1987இல் வெளியான ஆய்வில், படிப்பிலும் மருத்துவமனைப் பயிற்சியிலும் இருவருக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இதைத் தெரிந்துகொண்டே நாங்கள் நேர்காணல் நடத்துகிறோம், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டும், ஆளுக்கு ஆள் தனியாக மதிப்பெண் போட்டும் பிழையைக் குறைக்கப் பார்க்கிறோம், முழுதாக ஒழிக்க முடியவில்லை. ஆகவே இடம் கிடைக்காவிட்டால் உங்கள் உயிரியலைப் பற்றி யாரோ தீர்ப்புச் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று மாலை ஒரு வேலை இருக்கிறது. கேட்ட கேள்விகளை நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதுங்கள், உங்கள் விடைகளை எழுத வேண்டாம். வேறு பல்கலைக்கழகம் எதுவும் அழைத்தால் அந்தத் தாள்தான் உங்களுக்குப் பாடநூல். பிறகு, எந்தக் கேள்வியில் நீங்கள் மாட்டிக்கொண்டு நின்றீர்களோ அதற்கு என்ன விடை என்று தேடிப் பாருங்கள். என்ன கேட்டார்கள் என்று எனக்கும் எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.